செடி தழைத்தும் பூவாமை ஏன்?

கொல்கத்தா நகரின் தென்பகுதியில், ஆதி கங்கை எனப்படும் பழைய நீரோட்டத்தின் கீழ்க்கரையில் காளிகாட் அமைந்துள்ளது. அங்குள்ள காளி கோயிலின் இன்றைய கட்டடம் 1809ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. கோயிலுக்குச் செல்லும் தெருக்களில் விடியற்காலையிலேயே விற்பனைக்கு வரும் பொருள்களுள் முதன்மையானது செம்பரத்தை மலராகும். வங்காள மக்கள் இதனை ஜபா என வழங்குவர். ஐந்து இதழ்களையுடைய சிவப்புச் செம்பரத்தையே காளிக்கு உகந்தது என்பது நெடுநாளைய வழக்கு. 108 மலர்களால் தொடுத்த மாலையைச் சாத்தும் வழக்கமும் உண்டு.

இம்மலர் காலையில் விரிந்து பெரும்பாலும் அன்று மாலைக்குள் வாடிவிடும் இயல்புடையது. ஆகையால் இதனைச் சேமித்து வைத்து விற்றல் எளிதன்று. மறுநாள் விரியவிருக்கும் மொக்குகளைப் பறித்துச் சந்தைக்குக் கொணர்வதே வழக்கம். நாள்தோறும் வாங்குவதைவிட வீட்டிலேயே ஒரு செடி வைத்துக்கொள்வது நலம் என்று கருதும் குடும்பங்கள் காளிகாட்டில் பல. அதனை அடுத்த லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் மாடியிலும் முற்றத்திலும் செம்பரத்தை, மல்லிகை, நிலச்சம்பங்கி முதலியவற்றை வளர்த்து வருகின்றன.

இத்தகைய வீட்டுத் தோட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு குறை உண்டு. செடி நன்கு தழைத்திருக்கின்றது. இலைகள் கரும்பச்சையாகப் பளபளக்கின்றன. ஆயினும் மொக்கு ஒன்றேனும் காணப்படவில்லை என்பதே அக்குறையாகும். இந்நிலையில் செடிக்கு உணவு போதவில்லை என்று எண்ணி மேலும் உரமிடுவோர் சிலர். கிளைகளை ஒட்ட வெட்டுவோர் சிலர். அது மலட்டுச் செடி என்று கூறிப் பிடுங்கி எறிவோர் சிலர். இம்மூன்றும் பெரும்பாலும் தவறான முடிவுகளே. ஆண்டுதோறும் பூக்கும் இயல்புடைய பல்லாண்டுச் செடி ஒன்று பூவாதிருப்பின், அதற்குக் குறிப்பிட்ட காரணம் இருந்தே தீரும். அக்காரணத்தை அறியாமல் செய்யும் மருத்துவம் குறையை நீட்டிக்கவும் கூடும்.

முதலில் காண வேண்டியது

'பூக்கவில்லை' என்னும் ஒரே சொல்லால் இருவேறு நிலைகள் குறிக்கப்படுகின்றன. மொக்கே தோன்றாதிருத்தல் ஒன்று. மொக்குத் தோன்றியபின் விரியாமல் உதிர்ந்து போதல் மற்றொன்று. முன்னதில், பூவை உண்டாக்கும் செயலே செடிக்குள் தொடங்கவில்லை. பின்னதில், அச்செயல் தொடங்கி இடையில் தடைப்பட்டுள்ளது. இவ்விரண்டிற்கும் காரணங்கள் வேறு, பரிகாரங்களும் வேறு.

எனவே, செடியின் அடியில் மண்மீது உதிர்ந்த சிறு மொக்குகள் கிடக்கின்றனவா என்று சில நாள்கள் காலைதோறும் நோக்குதல் வேண்டும். அவ்வாறு கிடப்பின் இக்கட்டுரையின் பிற்பகுதியில் கூறப்படுவன அதற்குப் பொருந்தும். ஒன்றும் இல்லையெனில் வயது, ஒளி, இரவின் நீளம், குளிர், உரம், கவாத்து, நீர் ஆகிய ஏழினையும் முறையே ஆராய்தல் வேண்டும்.

செடியின் வயது

விதையிலிருந்து முளைத்த செடி உடனே பூக்கும் ஆற்றல் பெறுவதில்லை. அது தன் இளமைப் பருவத்தைக் கடந்தாக வேண்டும். அப்பருவத்தில் எத்துணை நல்ல சூழ்நிலை அமையினும் பூ தோன்றாது. விதையிட்டு வளர்த்த செண்பகம் முதன்முறை பூப்பதற்கு எட்டு, பத்து ஆண்டுகள்கூடச் செல்வதுண்டு. ஒட்டுக் கட்டிய செண்பகமோ இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே பூத்துவிடும். முதிர்ந்த மரத்தின் கிளையிலிருந்து எடுக்கப்பட்ட ஒட்டு, அம்மரத்தின் முதிர்ச்சியையும் உடன்கொண்டு வருவதே இதற்குக் காரணம். செம்பரத்தையைப் போத்து நட்டு வளர்ப்பதிலும் இந்த நன்மை உண்டு. பூத்துவரும் கிளையில் எடுத்த போத்து, வேரூன்றி நன்கு வளர்ந்தால் ஓராண்டிற்குள் பூக்கக்கூடும்.

சில செடிகளில் இக்காத்திருப்பு மிக நீண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்வது. 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் அது மூணாறு மலைச்சரிவுகளில் பெருவாரியாகப் பூத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்புதர்கள் பூவாதிருந்தமை நோயன்று, அவற்றின் இயற்கையே. ஆகையால், செடி எவ்வாறு பெறப்பட்டது, அதன் வயது என்ன என்பவற்றை அறிந்த பின்னரே குறைகாண முற்படுதல் தகும்.

ஒளியின் அளவு

பூவை உண்டாக்குதல் செடிக்குப் பெருஞ்செலவான செயல். இலைகள் கதிரவன் ஒளியில் ஆக்கும் சர்க்கரையும் மாச்சத்தும் முதலில் வேருக்கும் தண்டுக்கும் தளிருக்கும் செலவாகின்றன. மிஞ்சியதே பூவிற்கு உதவும். நிழலில் நிற்கும் செடி உயிர்வாழப் போதுமான உணவை ஆக்கிக்கொள்ளும். ஆனால் மிச்சம் பிடித்தல் அதற்கு இயலாது. ஒளியை நாடி அதன் கணுக்கள் இடைவிட்டு நீளும், இலைகள் அகன்று மெலியும், மொக்குத் தோன்றாது.

செம்பரத்தைக்கு நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் நேர் வெயில் தேவை. காளிகாட்டின் குறுகிய சந்துகளில் இது எளிதில் கிட்டுவதன்று. பழைய ஓரடுக்கு வீடுகள் இருந்த இடங்களில் பல அடுக்குக் கட்டடங்கள் எழுந்துள்ளன. பல ஆண்டுகள் பூத்துவந்த செடி திடீரெனப் பூவாது நின்றுவிட்டால், மண்ணை ஆராயுமுன் தலையை உயர்த்தி வானத்தை நோக்குதல் நன்று. அண்மையில் எழுந்த சுவரோ, வளர்ந்துவிட்ட மாமரமோ வெயிலை மறைத்திருக்கக் கூடும். மனிதக் கண் மங்கிய ஒளிக்கும் விரைவில் பழகிவிடுவதால், நிழலான முற்றமும் போதிய வெளிச்சமுடையதாகவே தோன்றும். எனவே கண்ணின் கணிப்பை நம்பாமல், செடியின்மீது வெயில் எப்போது விழுகின்றது, எப்போது விலகுகின்றது என்பதைக் கடிகாரங்கொண்டு குறித்தல் வேண்டும். தொட்டிச் செடியாயின் அதனை மாடிக்கு மாற்றுவதே பரிகாரம். தரையில் நிற்பதாயின் அதிலிருந்து போத்து எடுத்து வெயிலில் வளர்க்கலாம்.

இரவின் நீளம்

ஒளி எவ்வளவு என்பது ஒன்று. எத்துணை நேரம் என்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை உலகம் அறிந்தது 1920ஆம் ஆண்டில். அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு ஆகிய இருவரும் மேரிலாந்து மாமத் என்னும் புகையிலை வகையை ஆராய்ந்தனர். கோடையில் வயலில் அது ஆளுயரத்திற்கும் மேல் வளர்ந்தும் பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் வைத்த சிறு செடிகளோ பூத்தன. அவர்கள் கோடைக்காலத்தில் சில செடிகளை நாள்தோறும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்துப் பகலைக் குறுக்கினர். அச்செடிகள் கோடையிலேயே பூத்தன. உரமும் வெப்பமும் மாறாதிருக்க, பகலின் நீளம் ஒன்றே பூக்கும் செயலைத் தொடங்கி வைத்தமை இதனால் புலனாயிற்று.

பின்னர் 1938இல் ஹாம்னர், பானர் என்போர், இச்செடிகள் கணக்கிடுவது உண்மையில் பகலை அன்று, இடையறாத இரவையே என்று காட்டினர். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கொளி பட்டாலும் குறும்பகற் செடி பூக்காது நின்றுவிடுகின்றது. ஒளியை உணரும் உறுப்பு இலையே என்பதை ரஷ்ய அறிஞர் சைலக்யான் சாமந்திச் செடியைக் கொண்டு 1937இல் விளக்கினார். இலையில் தோன்றிக் குருத்திற்குச் செல்லும் ஒரு தூதுப் பொருள் பூவை எழுப்புகின்றது என்று கருதிய அவர், அதற்கு ஃபுளோரிஜன் எனப் பெயரிட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து, 2007இல், அது இலையிலிருந்து சாற்றுக் குழாய்களின் வழியே செல்லும் ஒரு புரதம் என்பது நெற்பயிரிலும் அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியிலும் மெய்ப்பிக்கப்பட்டது.

வங்காளத்தின் உழவர் இவ்வுண்மையின் பயனை நெடுங்காலமாகவே கண்டுவந்துள்ளனர். மழைக்காலத்தில் நடப்படும் பழைய அமன் நெல் வகைகள், இலையுதிர்காலத்தில் பகல் குறுகிய பின்னரே கதிர் விடும். ஆஸ் நெல் வகைகளோ பகலின் நீளத்தைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை.

கொல்கத்தாவில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 13 மணி 30 நிமிடமும், டிசம்பர் மாதப் பகல் ஏறத்தாழ 10 மணி 45 நிமிடமும் நீடிக்கின்றன. தோட்டச் செடிகளுள் சாமந்தி இம்மாறுதலை நுட்பமாக உணர்வது. ஆதி கங்கைக்கு அப்பால் உள்ள அலிப்பூரில், 1820இல் வில்லியம் கேரி தோற்றுவித்த இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் உள்ளது. அதனைப் போன்ற திறந்த தோட்டங்களில் சாமந்தி குளிர்காலத்தில் ஒழுங்காகப் பூக்கின்றது. ஆனால் தெருவிளக்கின் கீழோ, இரவெல்லாம் எரியும் வாயில் விளக்கின் அருகிலோ வைக்கப்பட்ட சாமந்தித் தொட்டி தழைத்துக்கொண்டே இருக்கும். விளக்கை நோக்கிய கிளைகள் பூவாமலும் மறுபுறக் கிளைகள் பூத்தும் நிற்றலும் உண்டு. பரிகாரம் செலவற்றது. தொட்டியை இருளான இடத்திற்கு நகர்த்தினால் போதும். செம்பரத்தை இத்தகைய கண்டிப்பான கணக்கு உடையதன்று. ஆகவே தெருவிளக்கின்மீது பழி சுமத்துமுன் செடி எவ்வகையது என்பதை அறிதல் வேண்டும்.

குளிரின் தேவை

சில செடிகளுக்குக் கடுங்குளிர் ஒன்றே பூக்கும் கட்டளையாக அமைகின்றது. டியூலிப் கிழங்கின் மலர்த்தண்டு நன்கு நீண்டு மலர்வதற்கு மூன்று மாதங்களுக்குக் குறையாத குளிர் தேவை. பியோனி, லைலாக் போன்றவையும் இவ்வினத்தைச் சார்ந்தவை. கொல்கத்தாவில் ஜனவரி மாத இரவுகளின் சராசரிக் குறைந்த வெப்பம் ஏறத்தாழ 14 சென்டிகிரேடு டிகிரி. இஃது அச்செடிகளுக்குப் போதாது. ஸ்ரீநகரில் வாங்கிவந்த கிழங்கு, முன்னரே குளிரூட்டப்பட்டிருப்பின், சமவெளியில் ஓராண்டு மலரக்கூடும். மறு ஆண்டில் இலை மட்டுமே விடும். இதில் வளர்ப்பவர் பிழை ஏதுமில்லை.

குளிருக்கும் பூவிற்கும் உள்ள தொடர்பை இந்திய அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். 1924இல் கல்கத்தாவில் விவேகானந்தர் ஆய்வுக்கூடத்தை நிறுவிய போஷி சென், அதனை 1936இல் இமயத்தின் அல்மோராவிற்கு மாற்றினார். அங்குக் கடுகு விதைகளைக் குளிர்ப்படுத்தி விதைப்பதால் பூக்கும் காலம் முந்துவது ஆராயப்பட்டது.

செம்பரத்தையின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அது வெப்பநாட்டுச் செடி. குளிர் மிகுந்தால் அதன் வளர்ச்சி மந்தமாகும். வளர்ச்சி குன்றினால் பூவும் குறையும். ஆதலால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் கொல்கத்தாவின் செம்பரத்தைகள் குறைவாகப் பூத்தல் இயல்பே. அக்காலத்தில் உரமிட்டு அவற்றை வற்புறுத்துதல் பயன் தராது.

உரத்தின் மிகுதி

தழைத்த செடி பூவாமைக்கு வீட்டுத் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் காரணம் உரக் குறைவன்று; உர மிகுதியே. 1918இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கிராவுஸ், கிரேபில் என்போர் தக்காளிச் செடிகளை ஆராய்ந்தனர். நைட்ரஜனும் நீரும் தாராளமாகப் பெற்ற செடிகள் இலையும் தண்டுமாகப் பெருத்தனவேயன்றிக் காய்க்கவில்லை. நைட்ரஜன் அளவோடு கிடைத்து, மாச்சத்துச் சேர்ந்திருந்த செடிகளே நன்கு காய்த்தன. நைட்ரஜனே கிட்டாத செடிகளும் காய்க்கவில்லை. பூக்கும் செயல் முழுவதையும் இந்த ஒரு விகிதத்தால் விளக்க இயலாது என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. ஆயினும் தோட்டக்காரருக்கு அது தரும் படிப்பினை இன்றும் பொருந்துவதே.

வங்காளத்து வீடுகளில் செடிகளுக்கு இடப்படும் வழக்கமான உரம் கடுகுப் பிண்ணாக்கு. அதனை நீரில் ஊறவைத்துப் புளித்த பின், மேலும் நீர் கலந்து ஊற்றுவர். தமிழ்நாட்டில் கடலைப் பிண்ணாக்கு இவ்வாறே பயன்படுகின்றது. கடுகுப் பிண்ணாக்கில் நைட்ரஜன் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு உள்ளது. பாஸ்பாரிக் அமிலம் ஏறத்தாழ 2 பங்கும், பொட்டாஷ் ஏறத்தாழ 1 பங்குமே உள்ளன. அளவோடு இடின் இது சிறந்த உரம். ஆனால் செடி பூக்கவில்லை என்று வாரந்தோறும் இதனை ஊற்றுவோர், இலையை வளர்க்கும் சத்தையே மேன்மேலும் ஊட்டுகின்றனர். அதன்பின் தோன்றும் கரும்பச்சைத் தழை அவர்களுக்கு நம்பிக்கையூட்டுகின்றது; மறுவாரமும் அதையே செய்கின்றனர்.

இத்தகைய செடிக்குப் பரிகாரம், பிண்ணாக்கை இரண்டு, மூன்று மாதங்கள் நிறுத்துவதே. தொட்டியாயின் இருமுறை, மும்முறை நீர் நிரம்ப விட்டு அடித்துளை வழியே வடியச் செய்து, தேங்கிய உப்புகளை நீக்கலாம். எலும்புத் தூள் இட்டால் பூ உறுதி என்னும் எண்ணமும் திருத்தத்தக்கது. மண்ணில் பாஸ்பரஸ் குறைந்திருந்தால்தான் அதனால் பயனுண்டு. மிகுந்தால் இரும்பு முதலிய நுண்சத்துகளைச் செடி பெறுவது தடைப்படும். செம்பரத்தை இதனால் எளிதில் பாதிக்கப்படுவது. பொட்டாஷுக்காக விறகுச் சாம்பலைச் சிறிதளவு இடலாம். மிகுதியாக இடின் மண்ணில் காரத்தன்மை கூடும்.

பட்டினியும் பூவைத் தடுக்கும் என்பதை மறத்தலாகாது. பல ஆண்டுகளாக மண் மாற்றாத தொட்டியில், இலைகள் வெளிறிச் சிறுத்து, கிளைகள் ஈர்க்குப்போல் மெலிந்திருந்தால், அச்செடிக்கு மக்கிய எருவும் புது மண்ணும் தேவை. கரும்பச்சைத் தழையுடைய செடிக்குப் பட்டினியும், வெளிறிய செடிக்கு உணவும் மருந்தாகும். இரண்டையும் மாற்றிச் செய்தல் கூடாது.

கவாத்துச் செய்யும் காலம்

ஒவ்வொரு செடியும் தன் மொக்கைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் தாங்குகின்றது. அவ்விடம் அறியாது கத்தரிக்கோலை எடுப்பவர், வரவிருக்கும் பூக்களையே வெட்டி எறிபவராகின்றார். செம்பரத்தையின் மொக்குகள் புதுத் தளிரின் இலைக் கக்கங்களில் தோன்றுகின்றன. எனவே அளவான கவாத்து புதுத் தளிர்களை எழுப்பிப் பூவைப் பெருக்கும். ஆனால் வேலியாக நடப்பட்ட செம்பரத்தையை அழகிற்காக அடிக்கடி சமமாக வெட்டினால், தளிர் முற்றி மொக்கு விடுவதற்குள் நீக்கப்பட்டுவிடுகின்றது. அத்தகைய வேலி பசுஞ்சுவராக நிற்கும், பூக்காது. கொல்கத்தாவில் குளிர் நீங்கும் பிப்ரவரி இறுதியில், கிளைகளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாமல் வெட்டி, பின்னர் செடியைத் தன் போக்கில் விடுதல் நன்று.

தமிழ்நாட்டின் குண்டுமல்லியும் புதுக் கிளைகளில் பூப்பதே. அதனை நவம்பர் இறுதியில் கவாத்துச் செய்தால் மார்ச் மாதம் முதல் பூ எடுக்கலாம். இதற்கு மாறாக, டார்ஜீலிங், கொடைக்கானல் போன்ற மலையூர்த் தோட்டங்களில் வளரும் ஹைட்ராஞ்சியாவின் பெரும்பாலான வகைகள், முந்திய பருவத்தில் வளர்ந்த கிளைகளில் மொக்குகளை ஒளித்து வைத்திருப்பவை. அவற்றைக் குளிர்காலத்தில் வெட்டினால் அவ்வாண்டுப் பூ இல்லை. பூ முடிந்தவுடனேயே அவற்றை வெட்டிவிடுதல் வேண்டும்.

நீரும் வேரும்

கொல்கத்தாவின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,700 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கின்றது. நகரின் மண் கங்கை படியவிட்ட நுண்மண். நீரை எளிதில் வடியவிடாதது. நீர் தேங்கிய மண்ணில் காற்று இராது. காற்றின்றி வேர் மூச்சுவிட இயலாது அழுகும். வேரிழந்த செடி இலையையே காக்க இயலாதபோது பூவை எங்ஙனம் தரும்? தரையில் நடுவதாயின் மேடான பாத்தியும், தொட்டியாயின் அடைபடாத துளையும் இன்றியமையாதன.

காகிதப்பூச் செடியிடம் வேறொரு இயல்பு உண்டு. நாள்தோறும் நீர் பெறும் காகிதப்பூ கொடியாக நீண்டு தழைக்கும். நீரைச் சற்றுக் குறைத்து, தழை சிறிது தளரும்போது மட்டும் ஊற்றினால், வளர்ச்சி அடங்கி வண்ணத் தழைகள் தோன்றும். அன்புடன் மிகுதியாக நீர் ஊற்றுவதே அதன் பூவாமைக்குக் காரணமாவதுண்டு.

நிலச்சம்பங்கியில் நெருக்கமே குறையாகின்றது. வங்காளத்தில் ரஜனிகந்தா எனப்படும் இம்மலர், கோலாகாட், பான்ஸ்குரா, ராணாகாட் பகுதிகளில் பெருவாரியாகப் பயிரிடப்பட்டு, ஹௌரா பாலத்தருகே உள்ள மல்லிக் காட் மலர்ச் சந்தைக்கு வருகின்றது. ஒவ்வொரு கிழங்கும் ஒருமுறை மட்டுமே பூக்கும். பின்னர் சுற்றிலும் சிறு கிழங்குகளை ஈனும். மூன்று ஆண்டுகள் தோண்டாது விட்ட பாத்தியில் சிறு கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கி, எதுவும் பூக்கும் பருமனை எட்டாது நின்றுவிடும். அவற்றைத் தோண்டிப் பிரித்து, ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விட்டத்திற்குக் குறையாதவற்றைத் தேர்ந்து நட்டால், பாத்தி மீண்டும் பூக்கும்.

மொக்கு உதிர்தல்

மொக்குத் தோன்றியும் உதிருமானால், செடிக்குள் பூக்கும் செயல் தொடங்கிவிட்டது என்பது தெளிவு. அதனை இடைமறித்தது எது என்பதே கேள்வி. மண் ஒருநாள் முற்றும் உலர்ந்து மறுநாள் வெள்ளமாதல், ஏப்ரல், மே மாதங்களின் கடுவெப்பம், தொட்டியைத் திடீரென இடம் மாற்றுதல் ஆகியவற்றால் மொக்குக் காம்பின் அடியில் பிரியும் அடுக்கு ஒன்று உருவாகி மொக்கு உதிர்கின்றது. அடுக்கிதழ்ச் செம்பரத்தைகளில் இக்குறை ஐந்திதழ் வகையினும் மிகுதி.

பூச்சிகளும் காரணமாகலாம். உதிர்ந்த மொக்கைப் பிளந்து பார்த்தால் மெல்லிய இலைப்பேன்கள் காணப்படுவதுண்டு. மற்றொன்று மாவுப்பூச்சி. தளிரும் மொக்கும் சுருண்டு, வெண்பஞ்சு ஒட்டியதுபோல் தோன்றுவது அதன் அடையாளம். செம்பரத்தையின் பெயராலேயே வழங்கப்பெறும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி, 1994இல் கரீபியத் தீவான கிரெனடாவில் காணப்பட்டு அப்பகுதியில் பெருஞ்சேதம் விளைத்தது. இதனை உண்ணும் ஒரு பொறிவண்டு ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. 1898இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்டு இன்று தென்னாட்டில் நிலைபெற்றுள்ளது. அதன் புழுவும் வெண்பஞ்சு போர்த்தியிருப்பதால், மாவுப்பூச்சி என்று கருதி அதனையே நசுக்கிவிடுதல் உண்டு. மாவுப்பூச்சி ஓரிடத்தில் ஒட்டியிருக்கும். பொறிவண்டின் புழுவோ அதனினும் பெரிது, விரைந்து ஊர்வது. பூசைக்குரிய மலர்ச் செடியில் நச்சு மருந்து தெளிக்குமுன், தாக்குண்ட நுனிகளை வெட்டி அகற்றுதல், நீரைப் பீய்ச்சிக் கழுவுதல், மாவுப்பூச்சியைக் காக்கும் எறும்புகளைத் தடுத்தல் ஆகிய எளிய முறைகளைக் கையாளுதல் தகும்.

ஆராயும் முறை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, ஒரே குறைக்குக் காரணங்கள் பலவாதல் விளங்கும். ஆகையால் பல பரிகாரங்களை ஒருங்கே செய்வது இயல்பாகத் தோன்றும். ஆனால் அவ்வாறு செய்பவர், செடி பூத்தாலும் எதனால் பூத்தது என்பதை அறியார். மறு ஆண்டு குறை நேரின் மீண்டும் திகைப்பர். கார்னரும் அல்லார்டும் வென்றது, மற்றவற்றை மாற்றாது பகலின் நீளத்தை மட்டும் மாற்றிப் பார்த்தமையால் அன்றோ? வீட்டுத் தோட்டத்திலும் அம்முறையே சிறந்தது.

முதலில் உதிர்ந்த மொக்கு உண்டா என்று காண்க. இல்லையெனில் செடியின் வகையையும் வயதையும் கேட்டறிக. வெயில் விழும் நேரத்தைக் கணக்கிடுக. இரவில் விளக்கொளி படுகின்றதா என்று நோக்குக. அண்மையில் இட்ட உரத்தையும், செய்த கவாத்தையும் நினைவுகூர்க. மண்ணில் விரலிட்டு ஈரத்தை உணர்க. இவற்றுள் மிகவும் ஐயத்திற்குரிய ஒன்றைத் திருத்தி, புதுத் தளிர் வளர்ந்து முற்றும் வரை, அதாவது இரண்டு, மூன்று மாதங்களேனும் பொறுத்திருக்க. அதற்குள் மற்றொன்றை மாற்றற்க.

இவ்வளவும் செய்தபின், செடியைப் பிடுங்க வேண்டிய தேவை மிக அரிதாகவே நேரும். காளிகாட்டின் ஒரு மாடியில் மூன்றாண்டுகள் பூவாது நின்ற செம்பரத்தை மலட்டுச் செடியாக இருத்தல் அரிது. பெரும்பாலும் அது அடுத்த வீட்டுச் சுவரின் நிழலிலோ, வாரந்தோறும் ஊற்றப்பட்ட பிண்ணாக்கு நீரின் மிகுதியிலோ நின்றிருக்கும். தொட்டியை நாலடி நகர்த்துவதும், ஒரு பருவம் உரத்தை நிறுத்துவதும் காசு செலவில்லாத வேலைகள். அவற்றைச் செய்து பார்க்குமுன் அச்செடியைக் குப்பையில் எறிதல் முறையன்று.